போங்ஹியின் வாயில் பூண்டு வாசனை

"ஊதுடி!" என்றாள் மியங்ஜா.

போங்ஹி ஊதினாள். ஊதுவது அவளுக்குப் புதிதா என்ன? பூசான் நகரத்து டிப்போக்களில் காலையில் டிரைவர் முகத்துக்கு நேரே ஒரு கருவியை நீட்டுவார்கள். ஊதி, ராத்திரி குடிக்கவில்லை என்று காட்டினால்தான் பஸ் சாவி கைக்கு வரும். வருஷக்கணக்கில் ஊதிப் பழகிய வாய். மியங்ஜாவின் முன்முடி பறந்தது.

"ஒண்ணும் வரல."

"நல்லா மோந்து பாருக்கா."

"இதுக்கு மேலன்னா உன் வாய்க்குள்ளதான் நான் போகணும். வாசனையே இல்லடி. பச்சப்புள்ள வாய் மாதிரி இருக்கு."

போங்ஹியின் முகம் தொங்கிப் போயிற்று. "சரி, நீ ஊது" என்றாள். மியங்ஜா ஊதினாள். அங்கேயும் ஒன்றும் இல்லை.

ஐம்பதைத் தாண்டிய ரெண்டு பெரிய மனுஷிகள் மூக்குக்கண்ணாடிக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒருத்தி வாயை ஒருத்தி மோந்துகொண்டு நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நினைத்துவிட்டுப் போகட்டும். அந்த வாசனையில்தான் போங்ஹியின் பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

தாக் போங்ஹி துறைமுகத்திலிருந்து மலைமேல் கோயில் வரைக்கும் போகிற பஸ்ஸை ஓட்டியவள். அந்தப் பாதையில் ஓட்டுவது சும்மா விளையாட்டு இல்லை. கீழ்த்தெருக்காரன் வீட்டு மொட்டைமாடியில் மேல்தெருக்காரன் கார் நிறுத்துகிற இடம் அது. ஒவ்வொரு வளைவிலும் எதிரே வருகிறவன் கண்ணை முறைத்துத்தான் பஸ்ஸைத் திருப்ப வேண்டும். முறைப்பதில் போங்ஹியை அடிச்சுக்க ஆள் கிடையாது. எதிரே லாரி வந்தாலும் சரி, போலீஸ் வண்டி வந்தாலும் சரி, பின்னால் போனது அவர்கள்தான்.

அப்படிப்பட்டவளை ஒரு மூத்திரப்பை மடக்கிப் போட்டது. பை கொஞ்சம் நிறைய ஆரம்பித்தாலே உள்ளே கண்ணாடித் தூளை வைத்துத் தேய்க்கிற மாதிரி வலி. போய்விட்டு வந்தால் அடங்கும், கால் மணி நேரத்தில் மறுபடியும் பிடிக்கும். தூக்கம் போச்சு. காபி போச்சு. மிளகாய் பட்டால் உயிர் போய்விடும் என்பதால் முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சியைத் தண்ணீரில் அலசி, சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கிற மாதிரி வெள்ளையாக்கித் தின்றாள். பூசான்காரிக்கு இதைவிட அவமானம் உண்டா? ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. கிருமி என்று மாத்திரை கொடுத்தார்கள். கிருமியே இல்லை என்று சோதனையில் வந்ததும், கொஞ்சமும் வெட்கமில்லாமல், "உங்க மனசுலதாம்மா பிரச்சினை" என்றார் ஒருத்தர்.

"என் மனசு அங்கயா டாக்டர் இருக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

கடைசியில் ஒரு மழைநாளில், பாதி மலையில் இருக்கும் பெட்ரோல் பங்க்கில், பஸ் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினாள். அது முதல் தடவை இல்லை. ஆனால் அன்றைக்கு யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். டிப்போ மேனேஜர் பியோ அவளைப் பாதையிலிருந்து எடுத்து, டிப்போவுக்குள்ளேயே பஸ் கழுவுகிற வேலையில் போட்டார். ஓட்டியவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? ரெண்டு குளிர்காலம் அப்படிப் போயிற்று. போங்ஹி தினம் போய் அவர் உயிரை வாங்கினாள்.

"சரி டிரைவரம்மா, விடுங்க" என்றார் பியோ ஒருநாள். "செர்ரி பூக்கறப்போ புதுசா டிரைவர் போடப் போறோம். அதுக்கு முன்னாடி ஒரு நாள் நான் பின்னாடி உக்காந்து வரேன். கீழேருந்து மேல, மேலேருந்து கீழ. நடுவுல சீட்ட விட்டு எழுந்திருக்காம ஓட்டிக் காட்டுங்க, சீட்டு உங்களுது. இல்லன்னா அதுக்கு ஆள் ரெடியா நிக்குது."

அந்த நேரத்தில்தான் டாக்டர் பாங் வந்து சேர்ந்தார். மலைப்பாதையில், பங்க்கைத் தாண்டி இருக்கிற ஆஸ்பத்திரியில் இந்த நோயை ஆராய்ச்சி செய்ய வந்த அம்மாள் அவர். ஒல்லியான கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தபோது திரையில் தெரிந்தது: பையின் உட்சுவரில் செக்கச்செவேல் என்று புண்கள். வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். போங்ஹி படுத்தபடியே கைதட்டினாள்.

"பாத்தீங்களா! இருக்கு! பொய் சொல்லல நான்! அந்த மனசு டாக்டருக்கு இத ஒரு படம் எடுத்து அனுப்புங்க!"

டாக்டர் பாங் அவளை ஒரு மருந்துச் சோதனையில் சேர்த்துக்கொண்டார். வாரம் விட்டு வாரம் ஒல்லிக் குழாய் வழியாக மருந்தை நேரே பைக்குள் விடுவார்கள். கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு படுத்திருக்க வேண்டும். பாதிப் பேருக்கு உள்ளே போவது மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மருந்து வேலை செய்கிறது என்று முடிவில் தெரிந்தால், தண்ணீர் வாங்கியவர்களுக்கும் மருந்து கிடைக்கும். ஆனால் கடைசி வரைக்கும் இருந்திருக்க வேண்டும்.

முதல் நாளே நர்ஸ் ஹாயுன் எல்லாரையும் உட்காரவைத்து, பக்கவிளைவுகளைச் சொன்னாள். "இந்த மருந்து போனவங்களுக்கு ரெண்டு மூணு நாள் வாயிலயும் தோல்லயும் பூண்டு வாசனை வரும். வெளிநாட்டுல இதாலயே குட்டு உடைஞ்சு போச்சாம். நம்ம ஊர்ல பயமில்ல, எல்லார் வாயிலயும் அதானே வருது."

"அப்போ எங்க மாமியார் பொறந்ததுலேர்ந்து இந்த மருந்தத்தான் போட்டுக்கிட்டிருந்திருக்காங்க" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. அறையே சிரித்தது. அவள்தான் மியங்ஜா. கண்ணாடிக் கடைக்காரி. அதே நோய், அதே புண்கள். அன்றைக்கே ரெண்டு பேரும் அக்கா தங்கை ஆகிவிட்டார்கள்.

ரெண்டு தடவை குழாய் போட்டாயிற்று. குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது. போங்ஹிக்குப் பொறுக்கவில்லை. பியோ குறித்த நாள் நெருங்குகிறது, உள்ளே போவது மருந்தா தண்ணீரா என்று தெரியாமல் எப்படித் தூங்குவது? மியங்ஜாதான் யோசனை சொன்னாள். மூன்றாவது குழாய்க்கு முன்னாலிருந்தே ரெண்டு பேரும் பூண்டைத் தொடக்கூடாது. குழாய் போட்ட மறுநாள் காலையில் மோந்து பார்த்துவிட வேண்டியது. அப்போது பூண்டு வாசனை வந்தால் அது மருந்து.

சொல்வது சுலபம். கொரியாக்காரி பூண்டை விடுவதா! கீரையைத் தொட்டால் பூண்டு, சூப்பை மோந்தால் பூண்டு, அலசிய கிம்ச்சியிலும் பூண்டு, கடல்பாசி சூப்பில்கூட யாரோ பாவிகள் பூண்டைத் தட்டிப் போட்டிருக்கிறார்கள். போங்ஹியின் புருஷன் கிதே பன்றிக்கறி சூப்புக் கடை வைத்திருப்பவன், கூடை கூடையாகப் பூண்டு உரிக்கிறவன். அவள் வெறும் சோறும் அவித்த முட்டையும் உப்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "என்னடி, துறவறமா?" என்று கேட்டான். மறுநாள் காலையில் முதலில் அவனிடம்தான் ஊதிக் காட்டினாள். "ஒண்ணுமில்லையே" என்று பூண்டு மணக்கிற விரலால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான். அதற்குப் பிறகுதான் மியங்ஜா கடைக்கு ஓடி வந்தது.

"அப்போ ரெண்டு பேருக்கும் தண்ணிதான்" என்று மியங்ஜா ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

போங்ஹிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "உப்புத்தண்ணிக்கா நான் போய்ப் போய்ப் படுத்தேன்? போதும்க்கா! இப்பவே போயி என் பேர அடிச்சிடுங்கன்னு சொல்லப் போறேன். அந்தப் புண்ணயெல்லாம் சுட்டுப் பொசுக்குங்க, நான் பஸ் ஓட்டணும்!"

"என் பேரையும் அடிக்கச் சொல்லு."

தடதடவென்று படியிறங்கி மலைப்பாதை பஸ்ஸில் ஏறினாள். தன் பஸ்ஸிலேயே பயணியாகப் போவதென்றால் அவளுக்கு எப்போதும் அவமானமாக இருக்கும். வழக்கமாகப் படிக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்காருவாள். பங்க் வந்ததும் மணியை அழுத்தி இறங்கிக் கழிப்பறைக்குப் போய்விட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிப்பாள். அன்றைக்கு அந்த சீட்டில் ஆள் இருந்ததால் பின்னால் போய் ஒரு பிக்குணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாம்பல் அங்கி, மழித்த தலை. மலைமேல் கோயில் சாமியம்மா.

சாமியம்மா புன்னகையோடு தலையாட்டினார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் எழுந்து, அந்தக் குளிரில் ஜன்னலைத் திறந்தார்.

போங்ஹி இருந்த கடுப்பில் கேட்டேவிட்டாள். "ஏன் சாமி, என் பக்கத்துல உக்காரப் பிடிக்கலையா?"

"ஐயையோ, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க முன்னாடி இந்த பஸ் ஓட்டின டிரைவரம்மாதானே? கோயில்ல நாங்க பூண்டு, வெங்காயம் எதுவும் தொடறதில்ல. அதனால எங்க மூக்குக்குத் தாங்காது, அவ்வளவுதான். காலங்காத்தாலயே ஒரு முழுப் பூண்ட மென்னுட்டு வந்தீங்களோ?"

போங்ஹி வாயைப் பிளந்தாள். பிளந்த வாயிலிருந்து இன்னும் வந்திருக்கும் போல, சாமியம்மா ஜன்னலை முழுசாகத் தள்ளினார்.

"சாமி! நான் பூண்டத் தொட்டே நாலு நாளாச்சு!"

"இருக்காதும்மா. கும்முனு வருதே."

"இன்னொரு தடவ மோந்து பாருங்க! ஹா! வருதா? ஹாஆஆ!"

"வருதும்மா, வருதும்மா, புத்தர் சத்தியமா வருது, போதும்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. போங்ஹி எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக் குதித்தாள். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! பூண்டு உரிக்கிறவனிடமும், பிறந்ததிலிருந்து பூண்டு தின்கிறவளிடமும் போய் வாயை ஊதிக் காட்டினால் அவர்கள் மூக்குக்கு என்ன தெரியும்? மீன் மார்க்கெட்டில் நின்றுகொண்டு மீன் நாற்றம் வருகிறதா என்று கேட்ட கதைதான். இந்தப் பூசான் முழுக்கத் தேடினாலும் அதை மோந்து சொல்லக்கூடிய மூக்கு ஒரு மொட்டைத்தலைக்குக் கீழேதான் இருக்கும்.

"சாமி, நாம எங்க இருக்கோம்?" என்று வெளியே பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பங்க் எப்போது போனது? அந்த பங்க்கை அவள் தாண்டிவிட்டாள். மணியை அழுத்தவில்லை. நினைக்கக்கூட இல்லை. அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்சம் முட்டுகிற மாதிரி இருந்தது, வலி இல்லை. சாமியம்மாவின் ரெண்டு கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, இறங்கி ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஹாயுனைப் பார்த்ததும், "பூண்டு! எனக்குப் பூண்டு வருது! சாமியம்மா சொன்னாங்க!" என்று கத்தினாள்.

ஹாயுன் ரெண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "அம்மா, வாய மூடுங்க! சொல்லாதீங்க! எனக்குத் தெரியக்கூடாது!"

டாக்டர் பாங் முகமூடி போட்டுக்கொண்டுதான் அறைக்குள் வந்தார். முழுக் கதையையும் கேட்டார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு கண்ணில் தெரிந்தது. அப்புறம் திட்டினார், நன்றாகவே திட்டினார்.

"இத ஏன் மூடி வெச்சிருக்கோம்னு நெனக்கிறீங்க? மருந்துன்னு தெரிஞ்சாலே பாதி வலி குறைஞ்ச மாதிரி நீங்களும் சொல்வீங்க, நானும் ஆசையில ஆமான்னு எழுதிடுவேன். நாளைக்குப் பெரிய டாக்டருங்க எல்லாம் என்ன கேப்பாங்க தெரியுமா? 'இந்தப் பொம்பளைங்களுக்குக் குணமானதும் மனசாலதானே'ன்னு கேப்பாங்க."

அந்த வார்த்தை போங்ஹியைச் சுருக்கென்று தைத்தது.

"இனிமே உங்கள வேற டாக்டர் பார்ப்பாரு, இதக் கேக்காதவரு. உங்க ஊகத்த ஊகம்னே குறிச்சு வெக்கறேன், சாமியம்மா மூக்கு சோதனைக் கருவி இல்ல. வெளியில மூச்சு விடக்கூடாது. உங்க சிநேகிதிகிட்டயும் சேர்த்துத்தான்."

"மூச்சுதான் டாக்டர் பிரச்சினையே" என்றாள் போங்ஹி. டாக்டர் பாங் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சந்தோஷத்தை வாய்க்குள் பூட்டி வைப்பது மூத்திரத்தை அடக்குவதைவிடக் கஷ்டம் என்று அவளுக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. மியங்ஜா போன் பண்ணி, "பேர அடிச்சாச்சா?" என்றாள்.

"இல்லக்கா. நீயும் அடிக்காத. கடைசி வரைக்கும் இரு."

"எதுக்குடி? எனக்கு ராத்திரியெல்லாம் உயிர் போகுது. உப்புத்தண்ணிக்கு எவ போவா?"

"ஏன்னு கேக்காத. இரு. போகலன்னா கடைக்கு வந்து முடியப் பிடிச்சு இழுத்துட்டுப் போவேன்."

நிஜமாகவே இழுத்துக்கொண்டுதான் போனாள். அடுத்த மூன்று தடவையும் கடை வாசலில் போய் நின்று, மியங்ஜா திட்டத் திட்ட ஷட்டரை இவளே இறக்கினாள். வழியில் ஒவ்வொரு தடவையும் மியங்ஜா பங்க்கில் மணியை அழுத்துவாள். போங்ஹி தனக்கும் அவசரம் மாதிரிக் கூடவே இறங்குவாள். அவளுக்கு அவசரமே இல்லை. அதை அக்காவிடம் சொல்ல முடியாமல் கழிப்பறை வாசலில் நிற்கும்போது சந்தோஷமும் குற்ற உணர்ச்சியும் சேர்ந்தே வரும்.

பியோ குறித்த நாள் வந்தது. போங்ஹி டிப்போவில் ஊதினாள். கருவி பச்சை காட்டியது. சாவியை வாங்கிக்கொண்டு போய் சீட்டில் உட்கார்ந்தாள். பியோ ஒரு பெரிய காபிக் கோப்பையோடு பின்னால் உட்கார்ந்தார்.

ஏறும்போதே பங்க்குக்கு நேர் எதிரே ஒரு லாரி குறுக்கே நின்று பாதையை அடைத்துவிட்டது. கண்ணுக்கு நேரே கழிப்பறைக் கதவு. பியோ கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். போங்ஹிக்கு முட்டியது. உலகத்தில் எல்லாருக்கும் முட்டுகிற மாதிரி, சாதாரணமாக முட்டியது. அவ்வளவுதான். அதில் கண்ணாடித் தூள் இல்லை. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, லாரிக்காரனைப் பழைய மாதிரி ஒரு முறை முறைத்தாள். லாரி பின்னால் போயிற்று.

கோயிலைத் தொட்டுவிட்டு இறங்கும்போது பின்னாலிருந்து மெல்லக் குரல் வந்தது. "டிரைவரம்மா... அந்த பங்க்ல கொஞ்சம் நிறுத்தறீங்களா?"

"எதுக்கு சார்?"

"காபி... கொஞ்சம் அதிகமாயிடுச்சு."

"நடுவுல நிறுத்தினா சீட்டு போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எழுந்திருக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன், நீங்க எழுந்திருக்க வேணாம், நிறுத்துங்க தாயே!"

போங்ஹி நிறுத்தினாள். அந்த அவசரம் என்னவென்று அவளைவிட யாருக்குத் தெரியும்? பியோ கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவதை ஸ்டியரிங்கில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலமே டிரைவர் பட்டியலில் அவள் பெயர் வந்தது.

அன்றைக்கு கிதே கடையில் ஒரு தட்டு கிம்ச்சியை எடுத்து, அலசாமல், சிவக்கச் சிவக்கத் தின்றாள். லேசாக எரிந்தது. எரியட்டும் என்று இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

மழைக்காலத்தில் சோதனை முடிந்து, யாருக்கு எது போனது என்று கம்ப்யூட்டரில் பூட்டி வைத்திருந்த பட்டியலைத் திறந்தார்கள். மருந்து வாங்கியவர்களில் பாதிக்கு மேல் பேருக்கு நன்றாகக் குறைந்திருந்தது. எல்லாருக்கும் இல்லை. போங்ஹிக்கு மருந்து, மியங்ஜாவுக்குத் தண்ணீர். மியங்ஜா அவளைக் கட்டிப்பிடித்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "தெரிஞ்சே என்னை இழுத்துட்டுப் போனியாடி, திருட்டுக் கழுதை!" என்று அழுதாள். மறுவாரத்திலிருந்து மியங்ஜாவுக்கு மருந்து ஆரம்பித்தது.

பாதிப் பேருக்குத்தானே கேட்டிருக்கிறது, அக்காவுக்குக் கேட்குமா? போங்ஹியை அதுதான் அரித்தது. மியங்ஜா ஆஸ்பத்திரிக்குப் போவது இப்போது போங்ஹி ஓட்டுகிற பஸ்ஸில். முதல் தடவை பங்க்கில் மணி அடித்தது. ரெண்டாவது தடவையும் அடித்தது. மூன்றாவது தடவை போங்ஹி நிறுத்தும்போது மியங்ஜா, "மன்னிச்சுக்கடி, நான் தண்ணிக்குத்தான் லாயக்கு போல" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். போங்ஹி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இலைகள் சிவக்க ஆரம்பித்த ஒரு காலையில் மியங்ஜா ஏறினாள். முந்தின நாள்தான் மருந்து போயிருந்தது. காலி சீட் இருந்தது சாமியம்மா பக்கத்தில். உட்கார்ந்த உடனே சாமியம்மா எழுந்து ஜன்னலைத் திறந்தார். மியங்ஜா அதைக் கவனிக்கவில்லை, சாமியம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கம்பியில் சுற்றியிருந்த நூலைக் கவனித்துவிட்டாள்.

"என்ன சாமி இது, நூலச் சுத்தி வெச்சிருக்கீங்க? கழட்டுங்க. இது எந்தக் காலத்து கண்ணாடி? கடைக்கு வாங்க, நான் மாத்தித் தரேன். காசெல்லாம் வேணாம். இதப் போட்டுக்கிட்டா புத்தர் எப்படித் தெரிவாரு?"

பேச்சு நிற்கவில்லை. போங்ஹி தலைக்கு மேலிருந்த பஸ் கண்ணாடியில் பார்த்தாள். வளைவு வந்தது. பங்க்கின் மஞ்சள் பலகை தெரிந்தது. அவள் கால் தானாகவே பிரேக்குக்குப் போயிற்று, காது மணிக்காகக் காத்திருந்தது. மணி அடிக்கவில்லை. மியங்ஜா சாமியம்மாவின் கண்ணாடியைத் தன் மூக்கில் போட்டு, வெளிச்சத்தில் பிடித்து, என்னவோ திட்டிக்கொண்டிருந்தாள். பங்க் ஜன்னலில் வந்து, நகர்ந்து, பின்னால் போயிற்று.

போங்ஹி பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வளைவு வரை தாங்கினாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ஹாரனை ஓங்கி அழுத்திக்கொண்டே கத்தினாள்.

"அக்கா! பங்க் போயிடுச்சுக்கா!"

மியங்ஜா சாமியம்மாவின் கண்ணாடியோடு அப்படியே பின்னால் திரும்பிப் பார்த்தாள்.